வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

‘குறுகிய ஓடுபாதையில் விமானம் இறக்கும் திறமை இவருக்குப் போதாது.’

கம்பெனித் தாளில், கம்பெனி சீல் வைத்து, மானேஜர் தங்கையன் கையெழுத்துப் போட்டு இப்படி ஒரு கடிதம். யாருக்கு? கேப்டன் ஸ்தனிஸ்லாஸுக்கு! மூவாயிரத்து ஐந்நூறு அடி நீளம், இரண்டு முனையிலும் கடல். அப்படி ஒரு தீவில் நாற்பது தடவை ஜெட் விமானத்தை இறக்கிய மனுஷன் அவர். நாற்பது தடவையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் நான். திறமை போதாதாம். எழுதின கைக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?

என் பெயர் இன்னாசிராஜ், வீடு பாலக்கரையில். 1984-இல் எனக்கு இருபத்தொன்பது வயது. ரத்தினவேல் முதலாளியின் சொந்த ஜெட்டில் துணை பைலட்டாக இருந்தேன். முதலாளி முசிறியில் வாழைத்தார் ஏலம் எடுத்து ஆரம்பித்து, லாரி வாங்கி, பிறகு ஏற்றுமதியில் இறங்கி, கடைசியில் எட்டுப் பேர் உட்காரும் ஜெட்டே வாங்கியவர். உழைத்து வந்தவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. இந்தியப் பெருங்கடலில் ஒரு குட்டித் தீவில் அவருக்கு மீன் பதப்படுத்தும் ஆலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை திருச்சியிலிருந்து அங்கே போய் வருவோம்.

அவர் வீடு ஸ்ரீரங்கத்தில். “நான் இருக்கறதும் தீவு, சம்பாதிக்கறதும் தீவு” என்று பெருமையாகச் சொல்வார். சொல்லிக்கொள்ளட்டும். ஸ்ரீரங்கத்துக்குக் காவிரியில் ஒரு பாலம், கொள்ளிடத்தில் ஒரு பாலம் இருக்கின்றன. அந்தத் தீவில் ஓடுபாதை முடிந்தால் பாலம் கிடையாது, சுறாதான் இருக்கிறது.

முதலாளிக்குச் சூலம் பார்க்கிற வழக்கம் உண்டு. அதில் தப்பில்லை. நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனால் எனக்கும் தெரியும். தினசரி காலண்டர் தாளில் ராகுகாலத்துக்குக் கீழேயே போட்டிருக்கிறானே: வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், பரிகாரம் வெல்லம். ஊரில் பாதிப் பேர் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். எங்கள் முதலாளிக்கு அது போதாது. பித்தளைக் காம்பஸ் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, விமானத்தின் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்ப்பார். தரையை விட்டுக் கிளம்பும்போதும் தரையைத் தொடும்போதும் மூக்கு சூலத்தைப் பார்க்கக் கூடாது. அந்தத் தீவு இருப்பதே திருச்சிக்குத் தென்மேற்கில்! அப்புறம் எங்கே சூலத்தைத் தப்புவது? கேட்டால், “நடுவுல போறது கணக்கில்ல” என்பார். எந்தப் பஞ்சாங்கத்தில் இப்படி இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

குற்றம் எங்கள் மேலும் இருக்கிறது. திருச்சி ஓடுபாதை நீளமானது, விடியற்காலையில் காற்றும் அதிகம் இருக்காது. கிழக்கு, மேற்கு எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒன்றும் ஆகாது. அதனால் முதலாளி கேட்ட பக்கமே இரண்டு வருஷம் கிளம்பினோம். பெரிய மனுஷர், ஆசைப்படுகிறார், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டோம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார் என்று தோன்றவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஆனி மாதத்தின் முதல் நாள். கடலில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று கிளம்பிவிட்ட காலம். தீவை நெருங்கியதும் ரேடியோவில் சொன்னார்கள்: மழை இப்போதுதான் விட்டிருக்கிறது, ஓடுபாதை ஈரம், மேற்கிலிருந்து பதினாலு நாட் வேகத்தில் காற்று.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். காற்றை எதிர்த்து இறங்கினால் காற்றே விமானத்தைப் பிடித்து நிறுத்த உதவும். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கினால் அது பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். ஈரத்தில் பிரேக்கும் பிடிக்காது. நீளமான ஓடுபாதையில் அந்தத் தப்பைச் செய்துவிட்டுப் பிழைக்கலாம். அந்தத் தீவில் பிழைக்க முடியாது.

கேப்டன் கிழக்கே கடல்மேல் ஒரு வட்டம் போட்டு, மூக்கை மேற்கே திருப்பினார். பின்னாலிருந்த திரைத்துணி விலகியது. முதலாளி கையில் காம்பஸோடு நின்றார்.

“என்னய்யா ஸ்தனிஸ்லாஸ், மூக்கு மேற்கே இருக்கு?”

“காத்து மேற்கேருந்து வருதுங்க. எதிர்த்துதான் இறங்கணும்.”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை.”

“தெரியுங்க.”

“தெரிஞ்சா திருப்பு. அந்தப் பக்கம் போய் கிழக்கே பார்த்து எறக்கு.”

“எறக்கினா நிக்காதுங்க. கடல்லதான் போய் நிக்கும்.”

இப்படி ஏதாவது வரும் என்று நான் சட்டைப் பையில் ஒரு அச்சு வெல்லம் கொண்டுவந்திருந்தேன். “ஐயா, வெள்ளிக்கு வெல்லம்தான் பரிகாரம், காலண்டர்லயே இருக்கு. வாயில போட்டுக்கிட்டு உக்காருங்க” என்று நீட்டினேன். அவர் ஓங்கித் தட்டிவிட்டார். வெல்லம் பறந்து கேப்டன் காலடியில், இடது மிதிக்குக் கீழே போய் விழுந்தது. அந்த மிதி முழுசாக அமுங்காவிட்டால் பிரேக் இல்லை. ஐந்நூறு அடி உயரத்தில், இறங்குகிற நேரத்தில், நான் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு குனிந்து அவர் ஷூவுக்கு அடியில் வெல்லம் பொறுக்கினேன். மாதாவே, அன்றைக்கு நான் பட்ட பாடு!

முதலாளி கேப்டனின் தோளைப் பிடித்து உலுக்கினார். கேப்டன் தலையைத் திருப்பவே இல்லை.

“முதலாளி, போய் உக்காந்து பெல்ட் போடுங்க. இப்ப இது என் விமானம்.”

சரியான பேச்சு. யார் கையில் பிடி இருக்கிறதோ, இறங்கி நிற்கும்வரை அது அவன் விமானம்தான். உலகம் பூராவும் பைலட்டுகள் அப்படித்தான் சொல்வார்கள். முதலாளிக்கோ முகம் கறுத்துவிட்டது. போய் உட்கார்ந்தார். சக்கரம் ஓடுபாதையின் முதல் வெள்ளைக் கோட்டிலேயே தொட்டது. பிரேக் பிடித்து நின்றபோது முன்னால் எண்ணூறு அடி மிச்சம். ஆறு உயிரும் பத்திரம்.

கேப்டன் வழக்கம்போல நீல அட்டை நோட்டை எடுத்தார். அந்தத் தீவுக்கென்றே அவர் ஆரம்பித்த நோட்டு அது, விமானத்திலேயே இருக்கும். தேதி, காற்று, எந்தத் திசை பார்த்து இறங்கினோம், நின்றபோது எத்தனை அடி மிச்சம் என்று ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. அடுத்து வருகிற பைலட் யாராக இருந்தாலும் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். அன்று நாற்பதாவது வரியை எழுதினார்.

முதலாளி படியிறங்கும்போது கேட்டது இதுதான்: “யாரு விமானம்னு சொன்னே?”

திங்கட்கிழமை கேப்டனுக்கு வேலை போயிற்று. அதுகூடப் போகட்டும். பம்பாயில் ஒரு கம்பெனி அவரைக் கூப்பிட்டிருந்தது. அவர்களும் தீவுகளுக்குச் சின்ன ஜெட் ஓட்டுகிறவர்கள். குறுகிய ஓடுபாதையில் இறக்கிய அனுபவம் உண்டு என்று பழைய கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் வேலை நிச்சயம், ஜூலை முடிவதற்குள் வந்து சேர வேண்டும். ஐம்பத்தொரு வயதுக்காரருக்கு இனி வேறு எவன் வேலை கொடுப்பான்? அந்தக் கடிதத்தைக் கேட்டுப் போனவரிடம்தான் தங்கையன் ‘திறமை போதாது’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினான்.

மேலப்புதூரில் அவர் வீட்டில் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். அவர் மனைவி சகாயம்மாள் அக்கா கொதித்துக்கொண்டிருந்தார்.

“நாப்பது தடவை உசுரோட கொண்டாந்து சேர்த்தாரே தம்பி, அதுக்கு இதுதான் கூலியா? ரெண்டு பொண்ணு காலேஜ்ல படிக்குது. இந்தக் காகிதத்த வச்சுக்கிட்டு எவன் வாசல்ல போய் நிக்கிறது?”

“நானும் வேலைய விட்டுடறேன் சார்” என்றேன்.

கேப்டன் விடவில்லை. “நீயும் போயிட்டா எவனாவது ஒருத்தன் வந்து, சரிங்க முதலாளின்னு காத்தை முதுகுல வாங்கிட்டு எறக்குவான். ஆறு பேரு போற விமானம். நீ இரு இன்னாசி. ஒழுங்கா எறக்கு.”

இருந்தேன். முதலாளி என்னைச் சீஃப் பைலட் ஆக்கினார். துணைக்கு அடுத்த ஒரு நடைக்கு மட்டும் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். முதலாளியைக் குளிரவைத்து, நல்லபடியாகக் கேட்டு, கேப்டனுக்கு அந்தக் கடிதத்தை வாங்கிவிட வேண்டும். நான்தான் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு!

அடுத்த நடையும் வெள்ளிக்கிழமைதான், அதே மேல்காற்று. விமானத்தில் ஏறும்போதே முதலாளி கேட்டார்.

“எந்தப் பக்கம்ப்பா எறக்கப் போறே?”

“கிழக்கு பார்த்துதாங்க.”

வாய் கூசாமல் சொன்னேன். தீவுக்குப் போய், கேப்டன் செய்த மாதிரியே மேற்கு பார்த்து இறக்கினேன். வானம் மூடியிருந்தது, வெயிலை வைத்துத் திசை பார்க்க முடியாது. முதலாளி காம்பஸைக் காட்டினார். “விமானத்துல இருக்கற இரும்பு அதை இழுத்துடுதுங்க, அதை நம்பாதீங்க” என்றேன். என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே தென்னைகளைப் பார்த்தார். “அப்படியா? சரி” என்றார்.

பின் சீட்டிலிருந்து தங்கையன் எழுந்து வந்தான். “நோட்டுல எழுதிட்டுக் குடு. முதலாளி பார்க்கணுமாம்.” அவன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் எழுதினேன்: மேல்காற்று 14, கிழக்கு பார்த்து இறங்கியது, மிச்சம் 700 அடி.

திருச்சிக்குத் திரும்பின மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கம் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். காபி கொடுத்தார். “உனக்கு என்ன வேணும், கேளு” என்றார்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. கேப்டனுக்கு ஒரு நல்ல கடிதம் குடுங்க. நாப்பது தடவை எறக்கினாருன்னு உள்ளதை மட்டும் எழுதினா போதும்.”

சிரித்தார். “இன்னாசி, போன வெள்ளிக்கிழமை நீ எந்தப் பக்கம் எறக்கினே?”

கையிலெடுத்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“நான் பதினஞ்சு வயசுலேருந்து காவிரிக் காத்துல வாழை மரம் சாயற திசையப் பார்த்து வளந்தவன். தென்னை எந்தப் பக்கம் சாயுதுன்னு எனக்குத் தெரியாதா? நீ மேற்கேதான் எறக்கினே. என்கிட்ட பொய் சொன்னே. ஆனா என்னை மதிச்சுப் பொய் சொன்னே. அவன் என்னை மதிக்காம உண்மையச் சொன்னான். எனக்கு உன்னை மாதிரி ஆளுதான் வேணும். அவனுக்குக் கடிதம் கிடையாது. போய் வேலையப் பாரு.”

அட சண்டாளா! அப்போ சூலமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. ஒருவன் தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டானே, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அதற்காக ஒரு மனுஷனின் இருபத்தைந்து வருஷத் தொழிலை ஒரே வரியில் அடித்திருக்கிறார். அதைச் செய்துவிட்டு, காபி ஆறுதே, குடி என்கிறார்! நான் குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் திருவானைக்காவல் தாண்டியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பாலத்தில் வரும்போதுதான் ஒன்று உறைத்தது. பைலட்டுக்கு அனுபவக் கடிதம் எழுதித் தரும் அதிகாரம் சீஃப் பைலட்டுக்கு உண்டு. இப்போது சீஃப் பைலட் யார்? நான்! திங்கட்கிழமை ஆபீசில் நானே டைப் அடித்தேன். கேப்டன் ஸ்தனிஸ்லாஸ், மூவாயிரத்து ஐந்நூறு அடி ஓடுபாதை, நாற்பது தடவை, ஒரு தடவைகூடத் தவறில்லை. சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த தாளில் என் ராஜினாமாவை அடித்து, தங்கையன் மேஜைமேல் வீசிவிட்டு வந்தேன்.

நான் வீசின வேகத்திலேயே அவர்கள் வேறு ஆள் பிடித்துவிட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் கடிதத்தோடு மேலப்புதூர் போனபோது கேப்டனே சொன்னார். “தைரியராஜ்னு ஒருத்தன் வந்திருக்கானாம், நல்ல பையன்னு கேள்வி. போயிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகல, காலையில மறுபடி தீவுக்குக் கிளம்பறாங்க.”

கடிதத்தைக் கொடுத்தேன். சகாயம்மாள் அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். கேப்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“நீ எந்தப் பக்கம் எறக்கினே?”

“மேற்கே சார். உங்க மாதிரியேதான்.”

“அவர்கிட்ட என்ன சொன்னே?”

“கிழக்குன்னு.”

“நோட்டுல?”

எழுதின வரியை அப்படியே சொன்னேன்.

கேப்டன் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். “அடப் பாவி! மேல்காத்து பதினாலு, கிழக்கே எறங்கி எழுநூறு அடி மிச்சம்னா எழுதினே? வாயால சொன்ன பொய் அவரோட போச்சு. எழுதின பொய்ய நாளைக்கு அந்தப் பையன் படிப்பானேடா! இதைப் பாத்துட்டு எறங்கலாம்னு நெனச்சு எறங்கினா?”

கடிதத்தை என்னிடமே நீட்டினார். “முதல்ல அந்த வரியச் சரி பண்ணு. அது வரைக்கும் இந்தக் கையெழுத்து எனக்கு வேண்டாம்.”

“என்னங்க, பொண்ணுங்க ரெண்டு—” என்று அக்கா ஆரம்பித்தார். அவர் கேட்கவில்லை. எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே வேலையை விட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என்னத்தைச் சொல்ல? அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

விடிந்தும் விடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினேன். வாட்ச்மேன் காத்தான் தெரிந்தவன், உள்ளே விட்டான். ஜெட்டுக்கு எரிபொருள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தைரியராஜ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். மடியில் நீல அட்டை நோட்டு. நான் எழுதின பக்கம்தான் திறந்திருந்தது.

“அதைக் குடுங்க தம்பி” என்று பிடுங்காத குறையாக வாங்கினேன். நாற்பத்தொன்றாவது வரியைக் குறுக்கே அடித்தேன். மேலே எழுதினேன்: பொய். இறங்கியது மேற்கு பார்த்து. காற்றை முதுகில் வாங்கி இங்கே இறங்காதே, நிற்காது. கீழே என் கையெழுத்து.

அவன் படித்தான்.

“சார், கிழக்கே பார்த்து எறக்கறேன்னு நேத்து சாயங்காலமே முதலாளிகிட்ட ஒத்துக்கிட்டேனே.”

“எப்படி ஒத்துக்கிட்டீங்க? பதினாலு நாட் காத்து முதுகுல இருந்தா நிக்குமான்னு யோசிக்க வேண்டாமா?”

“யோசிச்சேன் சார். கணக்குப் போட்டா நிக்கல. ஆனா இந்த நோட்டுல நாப்பது வரி படிச்சேன், யாரு பேரும் போடல. எல்லாம் கணக்குக்கு அச்சா ஒத்து வந்துது. இவ்வளவு சரியா எழுதறவர் இதையும் சரியாத்தான் எழுதியிருப்பாரு, என் கணக்குதான் தப்புன்னு நெனச்சேன்.”

கார் வந்து நின்றது. முதலாளி இறங்கினார், பின்னாலேயே தங்கையன். “இவனை யாரு உள்ள விட்டது?” என்று தங்கையன் கத்தினான். தைரியராஜ் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

“இந்த நாப்பத்தொண்ணையும் எழுதினது யாரு சார்?”

முதலாளி காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

“நாப்பது வரி கேப்டன் ஸ்தனிஸ்லாஸோடது. பொய் மட்டும்தான் என்னோடது.”